இருபத்தொரு நாள் கண்ணாடி

உங்கள் ஸ்டேஷன் சுவரில், அந்த ஜன்னல் மூலைக்கு மேலே ஒரு விரிசல் இருக்கிறது ஐயா. காலையில் பெஞ்சில் உட்கார வைத்திருந்தீர்களே, அப்போது விரல் முட்டியால் தட்டிப் பார்த்தேன். உள்ளே பொக்கை. பூச்சு மட்டும்தான் நிற்கிறது, சுவருக்கும் அதற்கும் ஒட்டு விட்டுப்போயிருக்கிறது. கான்ஸ்டபிள் தம்பி, "சும்மா குந்து பெருசு" என்றார். உட்கார்ந்தேன். ஆனால் பார்த்ததைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. மழைக்கு முன்னால் கவனித்துவிடுங்கள்.

என் பெயர் தாவீது. வயது எழுபத்திரண்டு என்று ஆதாரில் போட்டிருக்கிறது. போட்டவனுக்கு எப்படித் தெரியும் என்று எனக்குத் தெரியாது. இரண்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. கையெழுத்துப் போடுவேன், ஆனால் நீங்கள் எழுதியதை முழுக்கப் படித்துக் காட்டிய பிறகுதான் போடுவேன். ஐயம்பேட்டையில் பஸ் ரோட்டு மேலே இருக்கிற மாடி வீடு என்னுடையது. ஒவ்வொரு கல்லும் என் கையால் வைத்தது.

நான் இங்கே வந்தது புகார் கொடுக்க. என் வீட்டில் ஒட்டியிருந்த கண்ணாடியை யாரோ உடைத்துக்கொண்டே இருக்கிறார்கள், அவனைப் பிடித்துத் தர வேண்டும். நீங்கள் அதை விட்டுவிட்டு மேரியைப் பற்றியே கேட்கிறீர்கள். பரவாயில்லை. இரண்டும் ஒரே விஷயம்தான். வரிசையாகச் சொல்கிறேன்.

கட்டடம் கட்டுகிற மேஸ்திரிகள் காஞ்சிபுரத்தைச் சுற்றி நூறு பேர் இருப்பார்கள். நான் விரிசல் மேஸ்திரி. மற்றவன் கட்டிவிட்டுப் போனதை ஒட்டுகிறவன். விரிசலில் இரண்டு வகை. ஒன்று செத்த விரிசல். ஒரு தடவை விட்டதோடு சரி, அப்படியே கிடக்கும். அதன் வாயை வெட்டி அகலப்படுத்தி, தூசி போகக் கழுவி, சிமென்ட் பால் தடவி, கலவை அடைத்து, கோழிவலை வைத்துப் பூசி, ஒரு வாரம் சாக்கை நனைத்துப் போட்டுவிட்டால் நம் ஆயுசுக்குத் திறக்காது. இன்னொன்று உயிருள்ள விரிசல். அதை என்ன அடைத்தாலும் பக்கத்திலேயே இன்னொரு வாய் திறக்கும். எது என்று தெரியாமல் கை வைக்கிறவன் மேஸ்திரி இல்லை.

அதைக் கண்டுபிடிக்கத்தான் கண்ணாடி. பழைய போட்டோ பிரேமிலிருந்து விரல் அகலத்துக்கு ஒரு துண்டு அறுத்து, விரிசலுக்குக் குறுக்கே வைத்து, இரண்டு முனையையும் சிமென்ட்டால் ஒட்டி, பக்கத்தில் பென்சிலால் தேதி போட வேண்டும். சுவர் முடி அளவு அசைந்தாலும் கண்ணாடி உடைந்துவிடும். இருபத்தொரு நாள் உடையாமல் நின்றால் விரிசல் செத்துவிட்டது என்று அர்த்தம். கண்ணாடிக்குச் சொந்தக்காரன், வேண்டியவன் என்று யாரும் கிடையாது. நான் மனுஷனை நம்புகிறவன் இல்லை. எனக்குப் பிடித்த சாட்சி அது ஒன்றுதான்.

எங்கள் மேல்மாடி ஹாலில், பீமும் சுவரும் சேருகிற இடத்தில் கிளம்பி ஜன்னல் மூலை வரைக்கும் ஒரு விரிசல் இறங்கியிருந்தது. போன பங்குனியில் என் மகன் ஜெயக்குமார் அதைப் பார்த்தான். அவன் ஒரகடம் பக்கத்தில் கார் கம்பெனியில் வேலை, பெண்டாட்டியோடு அங்கேயே வாடகை வீடு. ஞாயிற்றுக்கிழமை வருவான். அடுத்த ஞாயிறு சரத்குமார் என்று ஒரு இன்ஜினியரைக் கூட்டிக்கொண்டு வந்தான். அந்த ஆள் செருப்பைக் கழற்றாமல் வந்து விரிசலைப் போனில் படம் பிடித்தார். தட்டிக்கூடப் பார்க்கவில்லை. அப்போதே எனக்கு அவர் மேல் நம்பிக்கை போய்விட்டது.

"பில்டிங் வீக் ஆயிடுச்சு பெரியவரே. ஊசி மூலமா கெமிக்கல் ஏத்தலாம். ஆனா வேஸ்ட். இடிச்சிட்டுப் புதுசா கட்டுறதுதான் சேஃப்டி."

"ஊசி போடறதுக்கு அதுக்கு இன்னா ஜொரமா அடிக்குது?" என்றேன்.

ஜெயக்குமார் சிரிக்கவில்லை. "நைனா, ரோட்டு மேல இருக்குற எடம். ப்ளாட் கட்டறவங்க ரெடியா இருக்காங்க. உனக்கும் அம்மாவுக்கும் கீழயே ஒரு வூடு. படி ஏற வேணாம். அம்மாவுக்கு மூச்சு வாங்கிக்கினு இருக்குது, நீ எங்க பாக்குற?"

"இது நான் கட்டுன வூடுடா."

"நீ கட்டுனதாலதான் நைனா பயமா இருக்குது."

மேரி சமையல்கட்டில் இருந்தாள். அவள் சிரித்தது ஹாலுக்குக் கேட்டது. அதை நான் மனதில் வைத்துக்கொள்ளவில்லை. உண்மையாகச் சொல்கிறேன்.

அன்றைக்கே ஒரு பேச்சு வைத்தோம். ஆடி மாதத்தில் யாரும் கட்டட வேலை தொடங்க மாட்டார்கள். ஆவணியில்தான் இடிப்பார்கள். ஆவணி பிறப்பதற்குள் ஏதாவது ஒரு கண்ணாடி இருபத்தொரு நாள் நின்றுவிட்டால் வீடு நிற்கும், இன்ஜினியரே நல்ல வீடு என்று எழுதித் தருவார். நிற்காவிட்டால் நான் பத்திரத்தில் கையெழுத்துப் போட வேண்டும். இன்ஜினியர் சரி என்று சொன்னபோது ஜெயக்குமாரைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

முதல் கண்ணாடி நாலாம் நாள் காலையில் உடைந்திருந்தது.

நான் யோசித்தேன். கீழ்ப் போர்ஷனில் உமாபதி குடியிருந்தான். நெசவுக்காரன், நல்ல பையன், வாடகை தேதி தவறாது. ஹாலில் தறி போட்டிருந்தான். காலையில் ஆரம்பித்தால் பலகை அடிக்கிற சத்தம் சாயங்காலம் வரைக்கும் சுவரில் ஏறிக்கொண்டே இருக்கும். சுவரில் கை வைத்தால் விரல் நுனியில் தெரியும். நான் இறங்கிப் போய் முறையாகத்தான் கேட்டேன், இருபத்தொரு நாள் தறியை நிறுத்தப்பா என்று.

"இன்னா மேஸ்திரி வெளையாடுறியா? முகூர்த்தப் பொடவை. சித்திரை கடைசில கல்யாணம். தறிய நிறுத்திட்டு உன் செவுத்த பாத்துக்கினு குந்துனா பொண்ணு கழுத்துல தாலி ஏறும், என் வாய்ல சோறு ஏறுமா?"

அவன் சொன்னதில் தப்பில்லை. அதனால் நான் வாதாடவில்லை. பத்தரை மணிக்கு அவன் டீ குடிக்கப் போவான், சின்னக் காஞ்சிபுரத்து அரசியல் எல்லாம் பேசிவிட்டுத்தான் வருவான். மறுநாள் அவன் போனதும் உள்ளே போய்ச் சவரம் செய்கிற பிளேடால், தறியில் நீளவாக்கில் இழுத்துக் கட்டியிருந்த பாவு நூலை அறுத்தேன். பட்டு நூல் நாலாயிரம் இழைக்கு மேல் இருக்கும். ஒரே இழுப்பில் போகும் என்று நினைத்தேன், போகவில்லை. மூன்று தடவை இழுக்க வேண்டியிருந்தது. பட்டு அவ்வளவு கெட்டி என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

உமாபதி வந்து பார்த்துவிட்டுத் தறிக்கட்டையில் தலையை வைத்து உட்கார்ந்திருந்தான். அந்த வாரமே தறியைக் கழற்றி முசரவாக்கத்தில் மாமியார் வீட்டுக்கு எடுத்துப் போனான். மேரி அழுதாள். "அந்தப் புள்ள உனக்கு இன்னாயா பண்ணுச்சு?" என்றாள். அவன் ஒன்றும் பண்ணவில்லை. தறிதான் பண்ணியது.

இரண்டாவது கண்ணாடி பதினோரு நாள் நின்றது. நாலு எங்கே, பதினொன்று எங்கே. நான் சரியான வழியில்தான் போகிறேன் என்று தெரிந்துவிட்டது. இன்னும் ஏதோ பாக்கி இருக்கிறது, அவ்வளவுதான்.

பாக்கி ரோட்டில் இருந்தது. வீட்டுக்கு நேர் எதிரே ஒரு வேகத்தடை. பள்ளிக்கூடம் இருக்கிறது என்று போட்டது. ஷேர் ஆட்டோவும் பஸ்ஸும் அதில் ஏறி இறங்கும்போது டம்ளரில் தண்ணீர் ஆடும். ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் கடப்பாரை, சம்மட்டி, இரண்டு குச்சியில் சிவப்புத் துணி எடுத்துக்கொண்டு போய் உடைக்க ஆரம்பித்தேன். பட்டப்பகலில் சிவப்புத் துணி கட்டி உடைக்கிறவனை யாரும் கேட்பதில்லை ஐயா. ஒரு ஷேர் ஆட்டோக்காரர் இறங்கி வந்து வண்டிகளை ஒதுக்கி விட்டார். பக்கத்தில் இருக்கிற பட்டம்மாள் கடையிலிருந்து எனக்கு மோர் கொடுத்தனுப்பினார்கள். மூன்று மணி நேரத்தில் ரோடு வழவழவென்று ஆகிவிட்டது.

அந்த வாரம் ஒருவன் பைக்கில் வேகமாக வந்து பள்ளிக்கூட வேனில் மோதினான். அவனுக்குக் கால்தான் போனது. வேனில் பிள்ளைகள் யாரும் இல்லை. அதை ஊர்க்காரர்கள் எல்லாரும் கடவுள் செயல் என்று சொன்னார்கள். நானும் அப்படித்தான் நினைக்கிறேன்.

மூன்றாவது கண்ணாடி பதினாலு நாள். ஆனி பிறந்துவிட்டது.

இப்போது வீட்டில் நானும் மேரியும் மட்டும். நான் பூனை மாதிரி நடப்பவன், ஐம்பது வருஷம் சாரத்தின் மேல் நடந்த கால். மேரி குதிகாலை ஊன்றி நடப்பாள். கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான். முதலில் ரப்பர் செருப்பு வாங்கிக் கொடுத்தேன். பிறகு ஹால் பக்கம் வராதே என்றேன். பிறகு மிக்ஸி போடாதே, அம்மியும் அரைக்காதே, கதவைச் சாத்தாதே. அவள் எல்லாவற்றையும் செய்தாள். ஆனால் ஒரு நாள் சோறு போட்டுக்கொண்டே சொன்னாள்:

"நான் ஒண்ணு சொல்றேன் கேளு. நீ ஒரு இருவது நாளு அந்தக் கண்ணாடி பக்கமே போவாத. அது பாட்டுக்கு நிக்கும்."

"நான் போவலன்னா யார் பாக்குறது?"

"யாரும் பாக்க வேணாம். அதான் சொல்றேன்."

தட்டைத் தள்ளி வைத்துவிட்டேன். நான் பார்க்காமல் இருந்தால் யாருக்கு லாபம்? மகன் கீழே ஒரு வீடு தருகிறேன் என்றானே, படி ஏற வேண்டாம் என்றானே, அவளுக்குத்தான் லாபம். நாற்பத்தாறு வருஷம் பக்கத்தில் படுத்தவள் மேல் சந்தேகப்படுவது சுலபமில்லை. ஆனால் சந்தேகப்படாமல் இருப்பது அதைவிடக் கஷ்டம், எனக்கு.

நாலாவது கண்ணாடி பதினேழு நாள் நின்று உடைந்தது. அன்று காலையில் மேரி இருமிக்கொண்டிருந்தாள். நெஞ்சிலிருந்து வருகிற இருமல், கட்டில் ஆடும், கட்டில் சுவரைத் தொடும். காரணம் கண்ணெதிரே தெரிந்தபோது எனக்கு நிம்மதியாக இருந்தது, கோபம் இல்லை.

கான்கிரீட்டை ஊற்றிய பிறகு என்ன செய்வோம்? அசைக்காமல் விடுவோம். ஈரமாக வைத்திருப்போம். இருபத்தொரு நாள் கிடந்தால் இரும்பு மாதிரி ஆகிவிடும். மனுஷனுக்கும் ஓய்வு அப்படித்தான். என் தம்பி சாவதற்கு முன்னால் சாப்பிட்ட தூக்க மாத்திரை ஒரு டப்பா மிச்சம் இருந்தது. ஆடி இரண்டாம் தேதி ஐந்தாவது கண்ணாடியை ஒட்டினேன், அன்றைக்கே மேரிக்குக் காபியில் போட்டுக் கொடுத்தேன். சாப்பிட்டுத் தூங்கினாள். கட்டிலைச் சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி வைத்தேன். கஞ்சி புகட்டினேன். ஒரு பக்கமாகவே கிடந்தால் புண் வரும் என்று திருப்பிப் போட்டேன். வெயில் நாளில் நெற்றியில் ஈரத்துணி வைத்தேன். இவ்வளவையும் எந்தப் புருஷன் செய்வான் என்று நீங்களே சொல்லுங்கள்.

அந்த ஞாயிறு ஜெயக்குமார் வந்தான். அவன் குரல் கேட்டு மேரி பாதிக் கண் திறந்தாள். நாக்கு குழறியது.

"கண்ணாடி... நைனாதான்டா..." என்றாள்.

"இன்னா நைனா சொல்றாங்க?"

"என்னைத்தான் கேக்குறா. நான் பக்கத்துல இல்லன்னா அவளுக்கு ஆவாது."

"இப்பிடித் தூங்குறாங்களே, டாக்டர்கிட்ட காட்டினியா?"

"காட்டினேன். ரெஸ்ட்டு சொல்லிருக்காங்க."

அவன் உட்கார்ந்து அம்மா காலைப் பிடித்துவிட்டான். போகும்போது ஹாலில் கண்ணாடியைப் பார்த்து, "பரவால்லியே, நிக்குதே" என்றான். அன்றைக்கு அவன் முகத்தில் என் மேல் ஒரு மரியாதை தெரிந்தது. அந்த ஒரு முகத்துக்காகத்தான் நான் மாத்திரையைக் குறைக்காமல் விட்டேன் என்று நினைக்கிறேன்.

ஒன்பதாம் நாள் காலை கஞ்சியோடு போனேன். வாய் திறக்கவில்லை. உள்ளங்காலில், கலவை பூசுகிற கரணையின் காம்பால் தட்டிப் பார்த்தேன். அசைவு இல்லை. அப்போது எனக்குத் தோன்றியதை மறைக்காமல் சொல்கிறேன். நல்லது, இனிமேல் இருமல் இருக்காது என்றுதான் தோன்றியது. பிறகுதான் அழுதேன். சத்தம் வராமல் அழுதேன், ஹால் பக்கத்தில்தானே இருக்கிறது.

உடனே ஊருக்குச் சொல்லியிருக்கலாம். சொன்னால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். சர்ச்சிலிருந்து ஐம்பது பேர் வருவார்கள். மேரியின் தங்கை தரையில் விழுந்து புரளுவாள், அவள் கனம் உங்களுக்குத் தெரியாது. நாற்காலி இழுப்பார்கள். பெட்டியைப் படியில் இறக்கும்போது எத்தனை தடவை இடிப்பார்கள். வாசலில் பேண்டு வாசிப்பார்கள். பன்னிரண்டு நாள்தான் பாக்கி இருந்தது ஐயா. முப்பத்தொன்பது வருஷம் அவள் கழுவித் துடைத்த வீடு. அந்த வீட்டுக்காக அவளால் பன்னிரண்டு நாள் காத்திருக்க முடியாதா?

அதனால் அறைக் கதவைச் சாத்தி, சந்துகளை அடைத்தேன். கதவுக்கும் நிலைக்கும் நடுவே, கீழே வாசற்படிச் சந்து, ஜன்னல் சட்டத்தைச் சுற்றி, சாவித் துவாரம்கூட. வெளிப்பக்கம் வலை வைத்துப் பூசி, பூச்சைச் சமன் செய்கிற மணியாசுக் கட்டையால் தேய்த்து, சாக்கு நனைத்துப் போட்டேன். என் வாழ்நாளில் செய்த ஒட்டு வேலையில் அதுதான் முதல் தரம். ஒரு எறும்பு போக இடமில்லை. வாசனை ஒரு சொட்டு வெளியே வரவில்லை. பக்கத்து வீட்டுத் தையல்நாயகி இரண்டு தடவை வந்து ஹாலில் உட்கார்ந்து பேசிவிட்டுப் போனாள், மேரி எங்கே என்று கேட்டாள், சுவர் நல்லா இருக்குதே மேஸ்திரி என்றாள். நேற்று கண்ணாடியைப் பார்க்க வந்த உங்கள் ஆட்கள் கடப்பாரையால் அதை உடைத்த விதம் எனக்குப் பிடிக்கவில்லை. உளியால் ஓரத்தில் தட்டியிருந்தால் அழகாக வந்திருக்கும்.

ஜெயக்குமாரிடம், அம்மா உடம்பு தேறியதும் கோபித்துக்கொண்டு அரக்கோணத்துக்குத் தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள் என்று சொன்னேன்.

"நானா இருந்தா எப்பவோ போயிருப்பேன் நைனா," என்றான் போனில். அவள் போன் எடுக்கவில்லையாம். சார்ஜ் இல்லாமல் கிடந்தது. நான் சார்ஜ் போடவில்லை. அடுத்த ஞாயிறு அவனுக்குக் கம்பெனியில் வேலை, வரவில்லை.

அப்புறம் வீடு வீடாக இருந்தது. தறி இல்லை, வண்டி குதிக்கவில்லை, நடை இல்லை, இருமல் இல்லை. பதினைந்து, பதினாறு, பதினெட்டு. பதினெட்டாம் நாள் எனக்கு ஒரு பயம் வந்தது. வெளியாள் யாராவது வந்து உடைத்தால்? ஜெயக்குமார் ஆள் அனுப்பினால்? இன்ஜினியர் கண்ணைச் சிமிட்டினாரே. ஹால் தரை முழுக்கக் கோலமாவைத் தூவி வைத்தேன். வந்தவன் கால் தடம் பதியும் அல்லவா.

இருபதாம் நாள், அதாவது நேற்றுக் காலை, கண்ணாடி நடுவில் இரண்டாக உடைந்து நின்றது.

குனிந்து மாவைப் பார்த்தேன். என் கால் தடம் மட்டும்தான் இருந்தது. அப்போதுதான் வந்தவன் எவ்வளவு கெட்டிக்காரன் என்று எனக்குப் புரிந்தது. என் தடத்தின் மேலேயே கால் வைத்துப் போயிருக்கிறான். இப்படிப்பட்டவனை ஒரு கிழவன் தனியாகப் பிடிக்க முடியாது. சட்டையை மாட்டிக்கொண்டு நேராக இங்கே வந்தேன்.

பாவு நூலை அறுத்தது நான். வேகத்தடையை எடுத்தது நான். மேரிக்கு மாத்திரை கொடுத்தது நான், அவளை உள்ளே வைத்துப் பூசியதும் நான். எழுதிக்கொள்ளுங்கள், எதையும் இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் கண்ணாடியை உடைத்தவன் வெளியே சுற்றிக்கொண்டிருக்கிறான். அவன் உடைக்காமல் இருந்திருந்தால் இதில் ஒன்றுக்கும் அவசியம் வந்திருக்காது.

காலையில் கண்ணாடி சரியாக இருக்கிறதா என்று எப்படிச் சோதிப்பாய் என்று கேட்கிறீர்கள். மேஸ்திரி எப்படிச் சோதிப்பான்? தட்டித்தான். கரணையைத் திருப்பிப் பிடித்து, மரக் காம்பால் கண்ணாடி நடுவில் மூன்று தட்டு. ஒட்டு சரியாக இருந்தால் 'டிங்' என்று கேட்கும், விட்டிருந்தால் 'டொக்' என்று கேட்கும். கண்ணால் பார்த்து நம்புகிறவன் இன்ஜினியர். தினமும் காபி குடித்ததும் அதுதான் எனக்கு முதல் வேலை, ஒரு கண்ணாடிக்கும் ஒரு நாளும் தவறியதில்லை. இருபதாம் நாள், நாளைக்கு முடியப்போகிறதே, கடைசியில் ஏமாந்துவிடக் கூடாது என்று கொஞ்சம் பலமாகவே தட்டினேன். தட்டினதால்தான் உடைந்திருப்பது தெரிந்தது. நான் மட்டும் அன்றைக்கு அசட்டையாக விட்டிருந்தால், உடைத்தவன் தப்பித்திருப்பான்.